முடி முளைக்காத இடம்

எங்கள் நாயின் கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடி கிடையாது. தொண்டைக்குக் கீழே கொஞ்சம் அகலமாகவும் பிடரிப் பக்கம் போகப் போக மெலிந்தும் இருக்கும் ஒரு வளையம். லிஃப்டில் பார்க்கிற குழந்தைகள் முதலில் கேட்பது அதைத்தான். "அங்கிள், இதுக்கு ஏன் இங்க மட்டும் முடி இல்ல?" நான் கதையைச் சொல்வேன். பக்கத்து மனையில் பாதியில் நின்றுபோன கட்டடம், அங்கே குட்டியாகக் கட்டிப்போட்ட நாய், நாய் வளர்ந்தது, கழுத்துக் கயிறு வளரவில்லை, கயிறு சதைக்குள் போய்விட்டது, நாங்கள் போய் மீட்டோம், இப்போது சந்தோஷமாக இருக்கிறாள். ஏழாவது மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். நான்கு வருடங்களாகச் சொல்லிச் சொல்லி அந்தக் கதையிலிருந்து பல விஷயங்கள் தானாக உதிர்ந்துபோய்விட்டன. உதிர்ந்தவற்றை இங்கே எழுதிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

2021ஆம் வருடம். கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து, அலுவலகம் இன்னும் திறக்காத மாதங்கள். பெரும்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் ஒரு மனையில் தூண்கள் எழும்பி, கம்பி துருப்பிடித்து, வேலை நின்றுபோயிருந்தது. வாட்ச்மேன் இருந்த தகரக் கொட்டகை காலியாகிவிட்டது. நாய் மட்டும் ஒரு தூண் கம்பியில் கட்டிக் கிடந்தது.

அதை மீட்டவர்கள் யார் என்று கேட்டால் நானும் மனைவியும் என்றுதான் சொல்லுவோம். ஆனால் அதை அத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தது எங்கள் மாடிப்படி பெருக்க வரும் அக்கா. வேலை முடிந்து போகும்போது மதில் ஓட்டை வழியாக மீந்த சோறும் ஒரு பெயிண்ட் டப்பாவில் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் கதவைத் தட்டி, "சார், அந்த நாய்க்கு கழுத்துல புழு வச்சிருச்சு. நான் கிட்டப் போனா உறுமுது. ஏதாச்சும் பண்ணுங்க சார், பாவம்" என்றார். நாங்கள் போனது அதற்கப்புறம். லிஃப்ட் கதையில் அந்த அக்கா இல்லை. வேண்டுமென்று விடவில்லை. ஏழு மாடிக்குள் அவருக்கு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாற்றத்தை எழுத முடியாது. நைலான் கயிறு கழுத்தில் எங்கேயும் கண்ணில் படவில்லை. தாடைக்குக் கீழே சதை பிளந்த இடத்திலிருந்து திடீரென்று வெளியே வந்து தூண் வரைக்கும் போனது. நான் கட்டிங் பிளேயரால் கயிற்றை வெட்டும்போது அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். சும்மா பயமுறுத்தும் கடி இல்லை, பல் இறங்கிய கடி. அன்று ராத்திரியே முதல் ஊசி, அப்புறம் நான்கு. மேடவாக்கத்தில் ஒரு டாக்டர் மயக்க ஊசி போட்டு, சதையைக் கீறி, கயிற்றை மூன்று துண்டாக எடுத்தார். புழுவை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தார்கள். "ஒரு வாரம் விட்டிருந்தா மூச்சுக்குழாய் வரைக்கும் போயிருக்கும்" என்றார். அட்டையில் பெயர் என்ன போட என்று கேட்டபோது நிறத்தைப் பார்த்து மனைவி "செவலை" என்றாள். வயது சுமார் பத்து மாதம்.

புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அதற்கப்புறம் நடந்ததுதான் விசித்திரம்.

ஹாலில் டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்து மூலையை அவளே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். கழுத்தில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த மூலையிலிருந்து ஆறடிக்கு மேல் வரமாட்டாள். சாப்பாட்டுத் தட்டை ஏழாவது அடியில் வைத்தால், முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, கழுத்தை நீட்டி, அப்படியே நிற்பாள். மூக்கு மட்டும் ஆடும். சும்மா நடக்கும்போதும் ஒரு வில் வட்டமாக நடந்து, திரும்பி, மறுபடி அதே வில். முதலில் எனக்குப் புரியவில்லை. மனைவிதான் டைல்ஸை எண்ணிப் பார்த்துச் சொன்னாள். அங்கே கட்டியிருந்த கயிற்றின் நீளம் அது.

எங்கள் கம்பெனிக்கு வருடம் ஒருமுறை வரும் ஊக்கப் பேச்சாளர்கள் இந்தக் கதையை யானையை வைத்துச் சொல்வார்கள். சிறு கயிற்றில் கட்டிய பெரிய யானை, "உங்க மனசுலதான் கயிறு இருக்கு", கைதட்டல். கண்ணெதிரே ஒரு ஜீவன் அப்படி நிற்பதைப் பார்த்தபிறகு எனக்கு அந்தப் பேச்சைக் கேட்கப் பொறுக்கவில்லை. மனசிலிருந்து கயிற்றைக் கழற்று என்று அவளிடம் யார் எந்த மொழியில் சொல்வது?

இதற்கு ஒரு பரிசோதனை வரலாறு உண்டு. 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களைத் தொட்டில் போன்ற ஒரு பட்டைக்குள் கட்டி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். சில நாய்களால் தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்த முடியும். அவற்றோடு ஜோடி சேர்க்கப்பட்ட வேறு நாய்களால் எதைச் செய்தும் நிறுத்த முடியாது. இரண்டுக்கும் கிடைத்த அதிர்ச்சியின் அளவு ஒன்றுதான். அடுத்த நாள் இரண்டையும், தாண்டிக் குதித்தால் தப்பித்துவிடக்கூடிய தாழ்வான தடுப்பு உள்ள பெட்டியில் விட்டார்கள். நிறுத்தத் தெரிந்த நாய்கள் குதித்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை படுத்து முனகியபடி வாங்கிக்கொண்டன. இதற்குக் கற்றுக்கொண்ட கையறுநிலை என்று பெயர் வைத்தார்கள். மனித மனச்சோர்வைப் புரிந்துகொள்ள இந்த நாய்கள்தான் பின்னாளில் உதாரணமாயின.

அதிகம் பேசப்படாதது அடுத்த வருடக் கட்டுரை. அந்த நாய்களை எப்படிக் குணப்படுத்துவது என்று பார்த்திருக்கிறார்கள். தடுப்பை எடுத்துப் பார்த்தார்கள், அந்தப் பக்கம் தீனி வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் பலித்தது ஒன்றுதான். கழுத்தில் வாரைப் போட்டுத் தரதரவென்று இழுத்து அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். ஒரு தடவை இல்லை, மீண்டும் மீண்டும். தன் உடம்பு நகர்ந்தால் வலி நிற்கிறது என்பது உடம்புக்குத் தெரிந்தபிறகு அவை தாமாகவே நகரத் தொடங்கின.

அதே மேயரும் செலிக்மனும் ஐம்பது வருடம் கழித்து, 2016இல், தாங்கள் சொன்னதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நரம்பியல் ஆய்வுகளுக்குப் பிறகு அவர்கள் வந்த முடிவு: கையறுநிலையை யாரும் கற்பதில்லை. நீண்ட துன்பத்தில் அசையாமல் கிடப்பதுதான் மூளையின் பழைய, இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ள வேண்டியது கட்டுப்பாட்டைத்தான், நான் செய்தால் ஏதோ மாறும் என்பதைத்தான். இதைப் படித்த அன்று எனக்குச் செவலையைப் பார்க்கும் விதமே மாறியது. அவளிடமிருந்து எதையும் நீக்க வேண்டியதில்லை. ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதே சமயம் உறுத்தியது. என் நாயைக் கைதூக்கிவிடும் இந்த அறிவு, எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்த வேறு நாய்களின் முதுகில் ஏறி வந்திருக்கிறது. அவற்றுக்கு நான் நன்றி சொல்லவா, மன்னிப்புக் கேட்கவா? அவற்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

செவலையை நாங்கள் இழுக்கவில்லை. கழுத்தில் எதையும் மாட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்களுக்கும் மனம் வரவில்லை. அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தாள். நாயை நடுவீட்டில் வைத்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. "எங்க ஊர்ல நாயை யாருடா கட்டுவா? அது பாட்டுக்குத் தெருவுல கெடக்கும், நாலு வீட்டுல சோறு திங்கும், ராத்திரி கொலைக்கும். கட்டிப்போடவும் வேண்டாம், கட்டிலுக்கு ஏத்தவும் வேண்டாம்" என்பாள். அவள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் அம்மா கையிலிருந்து ஒரு முறுக்கு தவறி விழுந்து, உடையாமல் சக்கரம் மாதிரி உருண்டு, செவலையைத் தாண்டி, எட்டாவது அடியும் தாண்டி, பால்கனிக் கதவருகே போய்ச் சுற்றி விழுந்தது. உருள்கிற பொருளைத் துரத்துவது நாய்க்குள் நம்மையெல்லாம் விடப் பழைய விஷயம் போல. அவள் யோசிக்கவே இல்லை. முறுக்கைக் கவ்வியபிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று திரும்பிப் பார்த்தாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அப்படியே நின்று முறுக்கைத் தின்றாள். "தின்னு தின்னு" என்றாள் அம்மா, அடுத்த முறுக்கை எடுத்து வேண்டுமென்றே உருட்டியபடி.

இப்போது அவள் வாழ்க்கையைச் சொன்னால் பொறாமையாக இருக்கும். காலை ஆறு மணிக்கு நடை. கழுத்துக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை. ஞாயிறுகளில் கோவளம் கடற்கரை. நண்டு வளையைத் தோண்டுவாள், அலை வந்தால் குலைத்துக்கொண்டே பின்வாங்குவாள், அலை போனதும் தானே ஜெயித்ததுபோல ஓடுவாள். இட்லி பிடிக்கும், வெந்தயம் போட்ட தோசை பிடிக்காது. மத்தியானம் என் நாற்காலிக்குக் கீழே மல்லாந்து, நான்கு காலும் நான்கு திசையில் கிடக்கத் தூங்குவாள். வயிற்றைக் காட்டித் தூங்கும் மிருகம் எதையும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம். பால்கனியில் துணி காயப்போடும் நைலான் கொடியை மட்டும் நாங்கள் மாற்றிவிட்டோம். அது காற்றில் ஆடும்போது அவள் கட்டிலுக்கடியில் போய்விடுவாள்.

இந்த இடத்தில் பாவ்லோவின் நாய்கள் ஞாபகம் வரும். 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் வெள்ளம் வந்து அவருடைய நாய்க்கூண்டுகளில் தண்ணீர் ஏறியது. மூழ்கும் தறுவாயில் நாய்களை நீந்த வைத்துக் காப்பாற்றினார்கள். பிறகு பார்த்தால் சில நாய்கள் பழகிய பழக்கங்களை இழந்திருந்தன. பொறுமையாக மறுபடி பழக்கி எடுத்தார்கள். முழுக்கத் தேறிவிட்டதாக நினைத்த ஒரு நாயின் அறைக்குள் கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். அது மறுபடி பழையபடி ஆகிவிட்டது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். கிட்டில் ஒரு தவறான மாற்றத்தை ரிவர்ட் செய்தால் அது அழிவதில்லை. அதன் மேல் இன்னொரு பதிவு எழுதப்படுகிறது, பழையது வரலாற்றில் அப்படியே கிடக்கிறது. செவலை குணமானாள் என்று நான் சொல்வதன் பொருள் அதுதான். அதனால் அவள் சந்தோஷம் குறைந்த சந்தோஷம் ஆகிவிடாது. கொடி ஆடாத நேரத்தில் அவள் முழு நாய்.

இனி, உதிர்ந்துபோனதில் பெரியது.

அந்தக் கட்டடம் எங்கள் பால்கனிக்கு நேர் கீழே. நான் வேலை பார்த்த மேஜை பால்கனியை ஒட்டி. அக்கா வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பு ஏறக்குறைய இரண்டு மாதம் அந்த நாய் கத்துவதை நான் கேட்டேன். பகலிலும் கத்தும், ராத்திரி இன்னும் அதிகம். அமெரிக்க டீமோடு பேசுகிற நேரம் ராத்திரி எட்டரை. ஊளை ஆரம்பித்ததும் மைக்கை ம்யூட் செய்வேன். நான் பேச வேண்டியபோது ஊளைக்கு நடுவில் இடைவெளி பார்த்து அன்ம்யூட் செய்வேன். அதில் எனக்கு ஒரு லாவகமே வந்துவிட்டது. ஒருமுறை அந்தப் பக்கத்திலிருந்து, அது என்ன சத்தம் என்று கேட்டார்கள். தெருநாய் என்றேன். எல்லோரும் சிரித்தோம். பிறகு இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். அருமையாக வேலை செய்தது. அவர்களுக்கு நாய் கேட்கவே இல்லை.

கீழே எட்டிப் பார்த்திருக்கிறேனா? பார்த்திருக்கிறேன். நாய் கட்டியிருப்பது தெரியும். யாரோ சோறு வைப்பதும் தெரியும். யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த யாரோ, மாதம் எட்டாயிரம் சம்பளத்துக்கு எங்கள் படிக்கட்டைப் பெருக்குகிறவர் என்பது அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளவில்லை என்று எழுதுவதுதான் சரி.

அதனால் அவள் தேறத் தேற நான் அடைந்த சந்தோஷத்தில் ஒரு பங்கு சுத்தமானதல்ல. அவள் மல்லாந்து தூங்கும் ஒவ்வொரு மத்தியானமும் எனக்கு ஒரு ரசீது கிழித்துக் கொடுத்ததுபோல இருந்தது. பார், எல்லாம் சரியாகிவிட்டது. லிஃப்ட் கதையின் கடைசி வரி அவளைப் பற்றியது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

2023 மார்ச்சில் ஒருநாள் காலை நடையில், நூக்கம்பாளையம் சாலைப் பக்கம் ஒரு டீக்கடை. ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ராணி?" என்றார். அவ்வளவுதான். செவலை என் கையிலிருந்து வாரைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தாள். அவர் மேல் ஏறி, முகத்தை நக்கி, சுற்றிச் சுற்றி வந்து, தாளமுடியாமல் அங்கேயே மூத்திரம் பெய்து, குழந்தை அழுவதுபோல ஒரு சத்தம் போட்டாள். நான் வெளியூர் போய் ஒரு வாரம் கழித்து வந்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. நாய்கள் தன் எஜமானரைப் பார்த்தால் வாலை வலப்பக்கம் சாய்த்து ஆட்டும் என்று 2007இல் இத்தாலியர்கள் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். அன்று என் கையில் வீடியோ எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்திருப்பேன், அந்த அளவுக்குச் சிறுமை எனக்கு உண்டு.

அவர் யார் என்று எனக்கு உடனே புரிந்தது. "நீதான் இதைக் கட்டிப்போட்டியா?" என்றேன். என் அப்பா வயது மனிதரை, முதல் வாக்கியத்திலேயே, நீ என்று. டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கோபப்படவில்லை. "ஆமா சார், நான்தான் கட்டுனேன்" என்றார்.

செய்யாறு பக்கத்து ஊர். கொட்டகையில் தனியாக இருந்தபோது எங்கிருந்தோ வந்த குட்டி. அதற்கு முன்னால் இருந்த குட்டி ஜல்லி லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டதாம். "இதுவும் போயிடும்னுதான் சார் கட்டுனேன். சாயங்காலம் அவுத்து விட்டுருவேன்." வேலை நின்றதும் ஒருநாள் காலையில் வண்டி வந்து, இவரை ஒரகடம் பக்கம் வேறு சைட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாயை ஏற்றக் கூடாது என்றார்கள். சூப்பர்வைசரிடம் அவிழ்த்து விடச் சொல்லியிருக்கிறார். அவிழ்த்து விடுகிறேன் என்று அவரும் சொல்லியிருக்கிறார். போனில் கேட்டதற்கு, அவிழ்த்தாச்சு, ஓடிப்போச்சு என்றாராம். "எங்கயாவது நல்லாருக்கும்னு நெனச்சிக்கிட்டேன் சார்."

பேசிக்கொண்டே கையால் அவள் கழுத்தைத் தடவினார். முடி இல்லாத இடத்தில் கை நின்றது. வளையம் முழுக்க விரலால் ஒருமுறை சுற்றி வந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க அந்த பின்னாடி ஃப்ளாட்லதான சார் இருந்தீங்க? இவ கத்துவாளே. ராத்திரி பூரா கத்துவா. உங்களுக்குக் கேக்கலயா?" என்றார்.

குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்லண்ணே, மேல ஏழாவது மாடி. கேக்காது" என்றேன். நீ எப்போது அண்ணே ஆனது என்பதைக் கவனியுங்கள்.

அதிலிருந்து என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வி, அவள் அவரை மன்னித்தாளா என்பது. வீட்டில் மனைவி எளிதாகச் சொன்னாள்: "நாய்ங்க அப்படித்தான், மனசுல எதையும் வச்சுக்காது. மனுஷங்கதான் வச்சுப்போம்." இது எல்லோரும் சொல்வது. கேட்க இனிமையாகவும் இருக்கிறது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. மன்னிப்பு என்றால், இவன் எனக்கு இதைச் செய்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் கையை விட வேண்டும். செவலைக்குத் தெரிந்தது வேறு. கயிறு என்று ஒன்று, அது வலிக்கும். அந்த மனிதர் என்று ஒன்று, அவர் சோறு போடுவார், சாயங்காலம் அவிழ்த்து விடுவார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு போட அவளால் முடியாது. கயிறு இறுக ஆரம்பித்த நாட்களில் அவர் அங்கே இல்லை. அவள் மன்னிக்கவில்லை, மன்னிக்க அவளிடம் எதுவும் இருக்கவில்லை.

இப்படி யோசித்து முடித்தபோது முதலில் ஆறுதலாக இருந்தது. அவருக்குக் கிடைத்த அந்த வரவேற்புக்கு அர்த்தமில்லை என்று தள்ளிவிடலாம். அப்புறம்தான் உறைத்தது. அவரை அவள் தண்டிக்காததற்குக் காரணம் அறியாமை என்றால், என்னைத் தண்டிக்காததற்கும் அதேதான் காரணம். கட்டிய கையும் கயிறும் அவளுக்கு இணையவில்லை என்றால், ஏழாவது மாடியில் ம்யூட் பட்டனை அழுத்திய விரலும் அவளுடைய அந்த இரவுகளும் எப்படி இணையும்? என் நாற்காலிக்குக் கீழே அவள் வயிற்றைக் காட்டித் தூங்குவதை என் விடுதலைப் பத்திரமாக நான் எடுத்துக்கொண்டால், டீக்கடை வாசலில் பெய்த மூத்திரத்தை அவருடைய விடுதலைப் பத்திரமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைச் செல்லாது என்றால் இரண்டும் செல்லாது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கயிற்றை வெட்டிய கையை அவள் கடித்தாள். அவளுடைய பல்லும் நாக்கும் நம் நியாயக் கணக்குக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.

மகாபாரதம் நாயில் முடிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அது ஏறக்குறைய நாயில்தான் தொடங்கவும் செய்கிறது. ஜனமேஜயன் தம்பிகளோடு குருக்ஷேத்திரத்தில் வேள்வி செய்கிற இடத்துக்கு ஒரு நாய் வருகிறது. தம்பிகள் அதை அடித்து விரட்டுகிறார்கள். அது அழுதுகொண்டே தாய் சரமையிடம் போகிறது. நீ அவியை நக்கினாயா, பார்த்தாயா என்று சரமை கேட்கிறாள். இல்லை என்கிறது குட்டி. சரமை நேராக வேள்விச்சாலைக்கே போய், எந்தத் தப்பும் செய்யாத என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். அவர்கள் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் சாபம். யுதிஷ்டிரர் கதையைவிட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அங்கே கடைசியில் நாய் தர்மதேவதையாக மாறிவிடுகிறது. அது வெறும் நாயாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. சரமை கதையில் நாய் நாயாகவே இருக்கிறது. அடிபட்ட குட்டிக்கு யார் மேலும் வழக்கு இல்லை, அது அழத்தான் செய்தது. வழக்கைக் கொண்டுபோனது தாய். டீக்கடை வாசலில் நான் சரமை வேஷம் கட்டிக்கொண்டு நின்றேன், "ஏன் கட்டினாய்" என்று. பதில் சொல்லாமல் இருந்த தம்பிகள் கூட்டத்தில்தான் எனக்கு இடம் இருந்தது. வாட்ச்மேனாவது கேட்டதற்குப் பதில் சொன்னார்.

தத்துவவாதி எமானுவேல் லெவினாஸ் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டு, மற்ற யூதப் போர்க்கைதிகளோடு காட்டு வேலை செய்தவர். காவலர்களும் வழியில் பார்க்கும் ஊர்க்காரர்களும் தங்களை மனிதர்களாகவே பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார். ஒரு தெருநாய் மட்டும் சில வாரங்கள் முகாமில் ஒட்டிக்கொண்டது. பாபி என்று பெயர் வைத்தார்கள். வேலை முடிந்து வரும் கைதிகளைத் துள்ளிக் குதித்து வரவேற்கும். அதற்கு அவர்கள் மனிதர்கள்தான், சந்தேகமே இல்லை. பிறகு காவலர்கள் அதைத் துரத்திவிட்டார்கள். இதைப் படித்தபோதெல்லாம் நான் கைதிகள் பக்கம் நின்றுதான் படித்திருக்கிறேன், யாரும் அப்படித்தான் படிப்பார்கள். இப்போது படித்தால் அந்த டீக்கடை தெரிகிறது. அன்று அவரை நீ என்று கூப்பிட்டவன் நான். அவரை மனிதராகப் பார்த்தது அங்கே ஒரே ஒரு ஜீவன்தான். பாபி காவலர்களுக்கும் வாலாட்டியிருக்குமா என்று லெவினாஸ் சொல்லவில்லை. ஆட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இதையெல்லாம் இந்தச் சமயத்தில் எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னதும், பதினோரு நாளில் இன்னொரு அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றதும், எங்கள் அடுக்கக வாட்ஸ்அப் குழு இரண்டாக உடைந்தது. நாய்க்குச் சோறு வைப்பவர்கள் என்னை உதாரணமாகக் காட்டினார்கள். செவலையின் படத்தைப் போட்டார்கள், முன்பு, பின்பு என்று. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தியாவில் வருடத்துக்கு 18,000 முதல் 20,000 பேர் வெறிநாய்க்கடி நோயால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் கணிசமானவர்கள் குழந்தைகள். அவர்களுடைய அம்மாக்களிடம் போய் என் நாய் மல்லாந்து தூங்குகிறது என்று காட்டினால் அது என்ன வாதம்? ஒரு நாய் நன்றாக இருப்பது ஒரு நாய் நன்றாக இருப்பது மட்டும்தான். ஊசி போடுவதும் கருத்தடை செய்வதும் மாநகராட்சி சலிக்காமல் வருடா வருடம் செய்ய வேண்டிய வேலை. அதில் முன்பு, பின்பு படம் எடுக்க முடியாது.

அந்த அண்ணன் இப்போது எங்களுக்குப் பழக்கம். ஒரகடம் வேலை முடிந்து, இந்தப் பக்கமே ஒரு அடுக்ககத்தில் காவலுக்கு இருக்கிறார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வருவார். மேலே வரச் சொன்னால் வரமாட்டார், கீழே மாமரத்தடியில்தான் உட்காருவார். செவலை இரண்டு பெயருக்கும் திரும்புவாள். முதல் தடவை வந்தபோது, மார்பில் மாட்டியிருந்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது கழுத்த புடிக்காதுல்ல?" என்று கேட்டார். எவ்வளவு விலை என்றும் கேட்டார். சொன்னேன். "அப்பவே இது தெரியாமப் போச்சே" என்றார்.

ஊளையைக் கேட்டேன் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இறங்கிப் போகிறேன். இந்தப் பொங்கலுக்கு வந்தவர் ஒரு பாக்கெட் பொறை வாங்கி வந்திருந்தார். ஒவ்வொன்றாக உடைத்துக் கொடுத்தார். அவள் தின்று முடித்துவிட்டு, அவர் காலுக்கும் என் காலுக்கும் நடுவில் மல்லாந்து படுத்தாள். அவர் குனிந்து வழக்கம்போல அந்த வளையத்தை விரலால் தடவிக்கொண்டே, "மேல நல்லா காத்து வருமா சார்?" என்று கேட்டார். வரும் என்றேன். பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் நன்றாக வரும் என்றேன்.